வைட்டமின் டப்பா

ஞாயிற்றுக்கிழமை நான் பாஸ்டர். மற்ற நாட்களில் சாயங்காலம் கவுன்சலர். இரண்டுக்கும் திருப்பூர் ராயபுரத்தில் இருந்த ஒரே வாடகை ஹால்தான். இறையியலோடு உளவியலும் முறையாகப் படித்திருந்தேன். பனியன் கம்பெனி ஷிஃப்ட் முடித்து, தூக்கம் போனவர்களும் வாழ்க்கை வெறுத்தவர்களும் வருவார்கள். பேசுவேன், ஜெபிப்பேன், தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் அனுப்புவேன். மாத்திரை என்றதும் முகம் சுருங்கிவிடும். "சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடறோம், பிரஷருக்குச் சாப்பிடறோம். இதுக்கு மட்டும் என்னங்க வெட்கம்?" என்று கேட்பேன்.

எல்லாம் ஊருக்கு உபதேசம். அதே மாத்திரையை இரண்டு வருடமாக நானும் விழுங்கிக்கொண்டிருந்தேன். உள்ளூர் டாக்டரிடம் போனால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று கோயம்புத்தூருக்கு பஸ் ஏறுவேன். வாங்கி வந்ததை அட்டையிலிருந்து பிரித்து வைட்டமின் டப்பாவில் போட்டுவைப்பேன். மனைவிக்கு மட்டும் தெரியும். பாஸ்டருக்கே மனசு சரியில்லையாம் என்று சபை பேசுவதை நினைத்தாலே எனக்கு உடம்பு கூசும்.

அனுப்பர்பாளையத்திலிருந்து ஒரு பெண் கவுன்சலிங்குக்கு வந்துகொண்டிருந்தார். கம்பெனியில் செக்கிங் வேலை. ஓட்டை விழுந்த, கறை பட்ட பனியன்களைப் பார்த்து ஒதுக்க வேண்டும். "நானே ஒரு டேமேஜ் பீஸுங்க பாஸ்டர், ஒதுக்கித்தான் வெக்கோணும்" என்று முதல் நாளே அழுதார். கெஞ்சிக் கூத்தாடி டாக்டரிடம் அனுப்பினேன். மாத்திரை சாப்பிடத் தொடங்கிக் கொஞ்ச காலத்தில் தூங்கினார், சிரிக்கவும் செய்தார்.

எங்கள் சபையில் பாட்டு முடிந்ததும் சாட்சி நேரம். சுகம் பெற்றவர்கள் மைக் முன்னால் வந்து அதைச் சொல்வார்கள். ஒரு ஞாயிறு அந்தப் பெண் வந்து நின்றார்.

"கர்த்தர் எனக்குப் பூரண சுகம் குடுத்துட்டாருங்க. இனியும் மாத்திரை தின்னா அது விசுவாசக் கொறச்சலுங்க. நேத்தே எல்லாத்தையும் சாக்கடைல போட்டுட்டனுங்க."

ஹாலே அதிரும்படி அல்லேலூயா. சற்றுத் தேறியதும் மாத்திரையை நிறுத்தினால் பழைய இருட்டு திரும்பி வரும், சிலரை அதுவே கொண்டுபோய்விடும் என்று அந்தக் கூட்டத்தில் எனக்குத்தான் தெரியும். மைக்கைத் திருப்பி வாங்கிக்கொண்டு நானும் ஆமென் என்றேன்.

மதியம் சாப்பிட உட்கார்ந்தேன். மனைவி அந்த டப்பாவை எடுத்து வந்து தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"ஏனுங்க, அந்த ஆமென் இதுக்கும் சேர்த்துத்தானுங்களா?"

டப்பாவைப் பைக்குள் போட்டுக்கொண்டு அனுப்பர்பாளையம் போனேன். அந்தப் பெண் நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்தார். மூளை, மருந்து, நோய் திரும்புவது என்று படித்ததையெல்லாம் எடுத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"அதெல்லாம் சரிங்க. நீங்களா இருந்தா சாப்புடுவீங்களா?"

டப்பாவை நீட்டினேன். மூடியைத் திறந்தார். தான் விழுங்கிய மாத்திரையை அவருக்கு அடையாளம் தெரியாமல் போகுமா?

"எத்தன நாளாங்க?"

"ரெண்டு வருசமாங்க."

"மொதல்லயே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமுங்களே. சபையில நான் ஒருத்திதான் இப்படியாக்கும்னு, செத்துப் போயிரலாமுன்னு இருந்தனுங்க."

கோபமே இல்லாமல் சொன்னார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். வெட்கத்தில் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் தண்ணீர் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன். காலையில் டாக்டரிடம் போகலாம், நானும் வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் போனோம். கோயம்புத்தூருக்கு இல்லை, திருப்பூரிலேயே. கூட்டம் நிறைய. நானோ வழக்கம்போல வெள்ளைச் சட்டை, வெள்ளை பேன்ட். ஒரு மைல் தூரத்திலேயே பாஸ்டர் என்று தெரிந்துவிடும். எதிர் பெஞ்சில் ஒருவர் செய்தித்தாளால் முகத்தை மறைத்து உட்கார்ந்திருந்தார். செருப்பையும் கைக்கடிகாரத்தையும் பார்த்தாலே தெரிந்தது, எங்கள் சபையை நிர்வகிக்கும் மூப்பர்.

சீட்டு எழுதும் பெண் என்னுடன் வந்தவரின் பெயரை எழுதிக்கொண்டு, என்னைப் பார்த்தாள்.

"நீங்க கூட வந்தவங்களாங்க?"

ஆமாம் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். பக்கத்தில் நின்ற அந்தப் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லீங்க. எனக்கும் ஒரு சீட்டுப் போடுங்க."

எதிரே செய்தித்தாள் மெல்லக் கீழே இறங்கியது.