அவள் புடவையில் தர்மம் எடுத்தேன்

என் மனைவியின் ரவிக்கை எனக்குப் பற்றாது என்பது போட்டுப் பார்க்காமலே தெரியும். இருந்தாலும் போட்டுப் பார்த்தேன். தோள் வரை ஏறி, அங்கேயே மறியல் செய்தது. ஹைதராபாத்தில், எங்கள் மல்காஜ்கிரியில் அவளுக்கு வழக்கமாகத் தைக்கும் தையல்காரரிடம் எடுத்துப் போனேன்.

"கைக்கு அங்கிள், டிராமாவா?" என்றார். எதற்கு என்பது ஹைதராபாத்தில் 'கைக்கு', ஆமாம் என்பது 'ஹவ்'.

"ஹவ், டிராமாதான். ஹீரோயின் நான்."

அவர் சிரிக்கவில்லை. உள்தையலைப் பிரித்துக் காட்டினார். பின்னால் குண்டாகிவிட்டால் இருக்கட்டும் என்று உள்ளே துணி விட்டுத் தைக்கச் சொல்வாளாம். வெளியே வெளுத்துப்போன நீலம், உள்ளே கடையில் வாங்கிய அன்றைய நீலமாகவே இருந்தது. அவள் குண்டாகவில்லை. போன மழைக்காலத்தில் ஒரு காய்ச்சல். ஒரு வாரம்கூடப் படுக்கவில்லை, போய்விட்டாள்.

முறைப்படி போயிருக்க வேண்டியவன் நான். அதற்கு முன்புதான் என் நெஞ்சைப் பிளந்து தைத்திருந்தார்கள். ஆபரேஷன் நடக்கும்போது வெளியே நின்று, எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக் கடலோர அம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். நான் பிழைத்தால் தசராவுக்கு வந்து, வேஷம் கட்டி, வீடு வீடாகத் தர்மம் எடுத்து உண்டியலில் போடுவதாக. அந்த ஊர் வழக்கம் அது. காளியோ, குரங்கோ, போலீஸோ, எந்த வேஷம் கட்டினாலும் அந்த நாட்களில் கட்டியவர் அம்மன்தான்.

"பிச்சைக்காரி வேஷம் கட்டலாம்னு இருக்கேன்," என்றாள், நான் வீடு திரும்பியதும்.

"உனக்கு எதுக்கு வேஷம்? இப்படியே போ, போடுவாங்க."

"உங்களக் கட்டிக்கிட்டவ வேற எப்படி இருப்பா?"

எனக்கு அது தேவைதான்.

தசரா வருவதற்குள் அவள் இல்லை. எதையும் பாதியில் விடுகிறவள் அல்ல. துணி மடிக்கும்போது போன் அடித்தால், மடித்து முடித்துவிட்டுத்தான் எடுப்பாள். ஊரில் வேஷக்காரர் குழு நடத்தும் சித்தப்பா மகனைக் கூப்பிட்டு, அவளுக்குப் பதிலாக நான் குரங்கு கட்டலாமா என்று கேட்டேன்.

"நேந்தது மதினி. நீங்க குரங்கு கட்டுனா அது உங்க நேர்ச்சை. மதினியோடது தீரணும்னா, மதினியா வாங்கண்ணே."

குரங்கென்றால் மேக்கப் செலவே இருந்திருக்காது. நல்ல வாய்ப்பு போயிற்று.

மகனும் கூட வந்தான். பட்டான்செருவில் மருந்துக் கம்பெனியில் ஷிப்ட் வேலை. தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்லும் பிள்ளை. அம்மா போனபிறகு தெலுங்கும் குறைந்துவிட்டது. அவன் அழுது நான் பார்க்கவில்லை.

கடற்கரையில், உடைமரங்களுக்கு நடுவே குழுவின் ஓலைக்குடில். மீசையை மழித்துவிட்டு, புடவையைக் கட்டத் தெரியாமல் பம்பரம் போல் சுற்றிக்கொண்டிருந்தேன். மகன் என் காலடியில் மண்டியிட்டுக் கொசுவத்தை நீவினான். சின்ன வயதில், அவள் வேலைக்குக் கிளம்பும்போது அவன்தான் பிடித்துக் கொடுப்பான். பிறகு எழுந்து தோளில் ஊக்குக் குத்தி, அவள் மூக்குக் கண்ணாடியை மாட்டிவிட்டான். எனக்கு உலகம் மங்கியது.

மேளத்தோடு தெருவில் இறங்கினோம். போலீஸ் வேஷம் கட்டியவர் பக்கத்தில் வந்தார். "யக்கா, பாத்து வாங்க. தொலைஞ்சிட்டீங்கன்னா கேஸ் எழுத எங்கிட்ட பேனா கெடயாது."

ஒரு வீட்டு வாசலில், இடுப்பில் குழந்தையோடு நின்ற பெண் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "இது என்ன வேசம்? டீச்சரா?"

"பொண்டாட்டி."

"யாரு பொண்டாட்டி?"

"என் பொண்டாட்டி."

விழுந்து விழுந்து சிரித்தாள். உள்ளேயிருந்து இன்னும் இரண்டு பேர் வந்து சிரித்தார்கள். எனக்கும் கூட்டத்தைக் கண்டால் தெம்புதான், இடுப்பில் கைவைத்து, "மாத்திரை போட்டாச்சா?" என்று அவள் குரலில் ஒரு அதட்டல் போட்டேன். சிரிப்பு கூடியது. மகன் தலையைக் குனிந்துகொண்டான். அதை அந்தப் பெண் பார்த்துவிட்டாள்.

"அவிய வரலையா?" என்றாள், மெதுவாக.

"வந்திருக்கா."

அவள் என் தர்மத் தட்டில் காசு போட்டாள். "அம்மா, பிள்ளைக்குப் பூசி விடுங்க," என்று குழந்தையின் நெற்றியைக் காட்டினாள். தட்டிலிருந்த குங்குமத்தைப் பூசிவிட்டேன். அதற்குமேல் எந்த வீட்டிலும் வேடிக்கை காட்டவில்லை.

திருவிழா முடிந்த மறுநாள் காலை, தர்மம் எடுத்ததை உண்டியலில் கொட்டிவிட்டு, கையில் கட்டிய காப்பை அறுத்துக்கொண்டோம். இனி வேஷத்தைக் கலைத்துவிட்டுக் கடலில் முங்க வேண்டும். காளிகள் கிரீடத்தைக் கழற்றினார்கள். எனக்குத் தோள் ஊக்கு எட்டவில்லை.

"இதை எடுத்து விடுடா."

"உண்டனீ நான்னா," என்றான். இருக்கட்டும்பா என்று அர்த்தம்.

"நேர்ச்சை தீர்ந்துச்சுல்ல."

"உண்டனீ," என்றான் மறுபடியும். அவன் முகம் கோணியது. கண்ணாடி மங்கல்தான், ஆனாலும் தெரிந்தது. முந்தானையைப் பிடித்துக்கொண்டு அழுதான். சித்தப்பா மகன் எங்களைக் கூப்பிட வந்தவன், பாதியில் நின்று திரும்பிப் போனான்.

வெயில் ஏறிய பிறகு மகனே ஊக்கைக் கழற்றினான். பாவாடையும் ரவிக்கையுமாக நான் ஒரு முனையில், அவன் மறுமுனையில். இருவருமாகப் புடவையை மடித்தோம். பாதி மடிப்பில் காற்று பிடுங்கியது. உதறிவிட்டு, முதலிலிருந்து மடித்தோம்.