பனியில் இறுகிய பிஸ்கட் அடுக்கு

கல்யாணமாகி நான் திருத்தணிக்கு வந்த முதல் மார்கழியில் பகல்கூட எனக்குக் கனவு மாதிரிதான் இருந்தது. காலையில் கதவைத் திறந்தால் மலையைக் காணாது. வெள்ளையாக ஏதோ ஒன்று தெருமுனை வரைக்கும் வந்து நின்றிருக்கும். வெயில் ஏற ஏற, அதற்குள்ளிருந்து முதலில் கோபுரம், பிறகு படிக்கட்டு, கடைசியில் அடிவாரத்துப் புளியமரங்கள் என்று ஊர் மெல்ல மெல்லத் திரும்பி வரும். எங்கள் ஊர் அப்போது ஆந்திரக் கணக்கில் இருந்தது. ரயிலடியில் தெலுங்கு, சந்தையில் இரண்டும், வீட்டுக்குள் தமிழ்.

நான் அரக்கோணம் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். பக்கத்து வீட்டில் ஆங்கிலோ-இந்திய எஞ்சின் டிரைவர் ஒருவரின் மனைவி இருந்தார். எங்கள் வரிசையில் எல்லோருக்கும் அவர் சட்டைக்காரம்மா. கிறிஸ்துமஸ் வந்தால் அவர் வீட்டில் கேக் வேகும். எங்கள் வீட்டில் முட்டை ஆகாது என்பதால், எங்களுக்கென்று தனியாக ஒன்று செய்வார். சதுர பிஸ்கட்டுகளைக் காப்பி டிகாக்‌ஷனில் நனைத்துத் தட்டில் வரிசையாகப் பரப்பி, அதன்மேல் கொக்கோக் கூழை ஊற்றி, மறுபடி பிஸ்கட், மறுபடி கூழ் என்று அடுக்கிக்கொண்டே போவார். அடுப்பில் வேக வைப்பதில்லை. குளிரிலேயே இறுகிவிடும். கத்தியால் வெட்டினால் பக்கவாட்டில் கறுப்பும் பழுப்புமாகக் கோடுகள் தெரியும். அது வாய்க்குள் போனதும் நான் கண்ணை மூடிக்கொள்வேனாம், அம்மா சொல்வாள்.

அந்த டிசம்பரில் எனக்கு அதன் நினைவாகவே இருந்தது. என் கணவர் அரக்கோணம் ஸ்டேஷனில் பார்சல் குமாஸ்தா. தினமும் காலை ரயிலில் போய் மாலை ரயிலில் திரும்புவார். வாய்விட்டுக் கேட்க எனக்குக் கூச்சம். ஆனாலும் ஒரு நாள் கேட்டுவிட்டேன். அடுத்த வாரமே மெட்ராஸிலிருந்து யார் மூலமாகவோ ஒரு கொக்கோ டப்பா வந்து சேர்ந்தது.

மாமியார் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"இன்னாமா இது, செம்மண்ணு மாதிரி கீது?"

"கொக்கோங்க அத்தை. சாக்லேட்டுக்குப் போடற பொடி."

"முட்டை கிட்டை சேப்பியா?"

"இல்லீங்க. பாலு, வெண்ணெய், சக்கரை, பிஸ்கட். அவ்ளோதான்."

"ஆங்… செய்யி. யார் துன்னப் போறாங்களோ."

அவர் அப்படிச் சொன்னதில் கோபம் ஒன்றும் இல்லை. அந்த வீட்டில் இரண்டு மாதமாக யாரும் ஆசையாக எதையும் சாப்பிடவில்லை. என் நாத்தனார், என் கணவரின் தங்கை, பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். ஐப்பசியில் பிறந்த குழந்தை ஒரு வாரம்கூடத் தங்கவில்லை. அதற்குப் பிறகு அவள் உள்ளறையை விட்டு அதிகம் வெளியே வருவதில்லை. புத்தூரில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்த அவள் புருஷன் ஒரு தடவை வந்து, அறை வாசலில் நெடுநேரம் நின்றுவிட்டுப் போனார். அவள் சுவர்ப் பக்கமே திரும்பிப் படுத்திருந்தாள். எனக்கும் அவளுக்கும் ஒரே வயது. அவளிடம் என்ன பேசுவதென்று எனக்குத் தெரியவில்லை.

வருஷக் கடைசி நாளில் படித்திருவிழா. பஜனை கோஷ்டிகள் படிக்குப் படி நின்று பாடிக்கொண்டு மலை ஏறுவார்கள். மத்தியானத்திலிருந்தே எங்கள் தெருவில் ஜால்ரா சத்தம் வந்துகொண்டிருந்தது. மாமியார் வாசலில் மோர்ப் பானை வைத்து, போகிற வருகிறவர்களுக்கு ஊற்றிக்கொண்டிருந்தார். நான் கொல்லைப்புறத்து அடுப்பில் எருமைப்பாலைக் காய்ச்சி, கொக்கோவும் சர்க்கரையும் போட்டுக் கிளறினேன். பால் சுண்டச் சுண்ட அந்த வாசனை எழுந்தது. கிணற்றடி, வாழைமரம், காயப்போட்ட புடவை எல்லாம் அந்த வாசனைக்குள் மிதக்கிற மாதிரி இருந்தது. கடைசியில் வெண்ணெயைப் போட்டதும் கூழ் பளபளவென்று கண்ணாடிபோல ஆயிற்று.

தட்டை முன்னால் வைத்துக்கொண்டு பிஸ்கட் அடுக்க ஆரம்பித்தேன். சட்டைக்காரம்மாவின் கை வேறு, என் கை வேறு. டிகாக்‌ஷனில் கொஞ்சம் அதிகம் ஊறினால் பிஸ்கட் கையோடு கரைந்துவிடுகிறது. மிஞ்சியதை எப்படியோ ஒட்டிக்கொண்டிருந்தேன்.

"அண்ணி, வரிசை கோணிக்கினு போவுது."

திரும்பிப் பார்த்தேன். நாத்தனார் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். தலை வாரவில்லை. கண்கள் தட்டின்மேல் இருந்தன.

"எனக்கு நேரா வர மாட்டேங்குது," என்றேன். "நீ வெச்சுப் பாக்கறியா?"

அவள் கிணற்றடிக்குப் போய்க் கை கழுவிக்கொண்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். நான் வைத்த பிஸ்கட்டுகளை ஒவ்வொன்றாகத் தள்ளிச் சரிசெய்தாள். பிறகு நான் நனைத்துக் கொடுக்க, அவள் வாங்கி வைத்தாள். விரல் நுனியால் மட்டும் தொட்டு, தூங்குகிற ஒன்றைக் கிடத்துகிற மாதிரி வைத்தாள். ஒரு வரிசை முடிந்ததும் நான் கூழை ஊற்றுவேன். அது மெதுவாக மூலைகளுக்குப் பரவுவதை இருவரும் பார்த்துக்கொண்டிருப்போம். மலையிலிருந்து பாட்டு வருவதும் காற்றில் போவதுமாக இருந்தது. எத்தனை நேரம் அப்படி உட்கார்ந்திருந்தோம் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

மேல் அடுக்கு முடிந்தபோது மாலை ரயில் வந்துவிட்டது. அரக்கோணம் ஸ்டேஷனிலிருந்து ஐஸ் கொண்டுவருவதாக என் கணவர் சொல்லியிருந்தார். மரத்தூளில் புதைத்துக் கோணியில் கட்டிய பெரிய மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். சட்டை, வேட்டி எல்லாம் நனைந்து, நடந்துவந்த வழியெல்லாம் ஈரக் கோடு. மூட்டையை அவிழ்த்தால் மரத்தூளுக்கு நடுவில் ஒரு எலுமிச்சம்பழம் அளவுக்கு ஐஸ் மிஞ்சியிருந்தது.

"அரக்கோணத்துல ஏறும்போது இம்மாம் பெரிசு இருந்துச்சு," என்று அவர் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார்.

நாத்தனாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதலில் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு முடியவில்லை. "அண்ணன் ஐஸைக் குளிப்பாட்டி இட்டுகினு வந்துட்டாரு," என்று சொல்லிவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். மோர்ச் செம்போடு உள்ளே வந்த மாமியார் அப்படியே நின்றுவிட்டார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஐஸ் இன்னாத்துக்கு? மாடியில வையி. பனி கொட்டுது பாரு," என்றார்.

தட்டின்மேல் இன்னொரு தட்டைக் கவிழ்த்து, பூனை தொடாமல் இருக்க மூங்கில் கூடையைப் போட்டு மூடி, நானும் அவளும் மாடியில் கொண்டுபோய் வைத்தோம். இருட்டத் தொடங்கியிருந்தது. மலைப்படி நெடுகச் சூடம் எரிந்தது. பனிக்குள் தீபங்கள் கரைந்து, மலையே கொஞ்சம் தரையை விட்டு எழும்பினாற்போலத் தெரிந்தது. அவள் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றாள்.

"அவனுக்கு மூக்கு அவர மாதிரியே இருந்துச்சு அண்ணி," என்றாள் திடீரென்று.

"சொல்லு," என்றேன்.

குழந்தையின் விரல்களைப் பற்றிச் சொன்னாள். காதோரத்து முடியைப் பற்றிச் சொன்னாள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அதற்கு முன் அவளை யாரும் அதைச் சொல்லச் சொல்லிக் கேட்கவில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

விடியற்காலையில் அவளே மாடிக்குப் போய்த் தட்டை எடுத்து வந்தாள். கூடையெல்லாம் பனித்துளி. விரலால் அழுத்திப் பார்த்தேன். மேலே இறுகியிருந்தது, நடுவில் கொஞ்சம் தளர்வுதான். வெட்டினால் கோடுகள் தெரிந்தன, ஆனால் துண்டு லேசாகச் சாய்ந்துகொண்டது. மாமியார் ஒரு துண்டை வாயில் போட்டு வெகுநேரம் யோசித்துவிட்டு, "கசப்பும் கீது, தித்திப்பும் கீது," என்றார். கை மட்டும் இன்னொரு துண்டுக்குப் போயிற்று.

காலை ரயிலில் வாத்தியார் வந்தார். அவருக்கு லீவு. மாமனார் வீட்டுக்கு வருகிற மாப்பிள்ளை மாதிரி இல்லாமல், ஓரமாக, செருப்பைக் கழற்றவும் தயங்கிக்கொண்டு நின்றார். நாத்தனார் தலை வாரிப் பூ வைத்திருந்தாள். ஒரு கிண்ணத்தில் இரண்டு துண்டு எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் நீட்டினாள்.

"இன்னாது இது?"

"அண்ணி காய்ச்சினாங்க. நான் அடுக்கினேன். சாப்புடுங்க."

அவர் சாப்பிட்டார். தலை நிமிரவே இல்லை. கிண்ணம் காலியானதும், "இன்னும் கீதா?" என்று கேட்டார்.

"கீது," என்றாள். கிண்ணத்தை வாங்கிக்கொண்டு, "ஸ்கூல் எப்ப தொறக்கறாங்க?" என்று கேட்டாள்.

பொங்கல் முடிந்ததும் அவளைப் புத்தூருக்கு அழைத்துப்போனார். நாங்கள் எல்லோரும் ரயிலடிக்குப் போயிருந்தோம். அன்றும் பனிதான், ரயிலின் முதல் பெட்டி தெரியவில்லை. மாமியார் அழுதுகொண்டிருந்தார். வண்டி நகர்ந்த பிறகு அவள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "அண்ணி, ஒரு டம்ளர் கொக்கோவுக்குச் சக்கரை எவ்ளோ போடணும்?" என்று கத்தினாள்.

நான் அளந்து போட்டவள் இல்லை. கண்மதிப்புதான். கூடவே நடந்துகொண்டு, "நாக்குல வெச்சுப் பாத்துப் போடு!" என்று கத்தினேன். எஞ்சின் ஊதிற்று. அவளுக்குக் கேட்டதோ இல்லையோ, ஆங் ஆங் என்று தலையை ஆட்டிக்கொண்டே பனிக்குள் போனாள்.