மின்தடை என்று சொன்ன புதன்கிழமை

குற்றப்பிரிவில் வேலை பார்த்த அந்தப் பெண் காவலருக்கு வீட்டில் வைத்த பெயர் சி.ஐ.டி. கணவர் கொஞ்சம் தாமதமாக வந்தால்கூட மேலும் கீழும் பார்ப்பாள். "கடவுளே வந்து நின்னாலும் அடையாள அட்டை கேப்பக்கா நீ" என்று கலாய்ப்பான் தம்பி. மின்வாரியத்தில் லைன்மேன். அவள் இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை.

அந்த வருஷம் ஊரில் பட்டப்பகலில் பூட்டை உடைக்கும் திருட்டு பெருகியது. ஆய்வாளர் மனம்போன போக்கில் ரோந்து அனுப்பினார். பழைய கேடிகளைப் பிடித்து வந்து உட்காரவைத்தார். ஒன்றும் குறையவில்லை. அவள் புகார்களைக் கிளறிப் பார்த்தாள். எல்லாத் திருட்டும் பராமரிப்புக்காக அந்தந்தத் தெருவில் மின்சாரம் நிறுத்திய நாளில்தான் நடந்திருந்தது. கேமரா செத்துக்கிடக்கும். புழுக்கம் தாங்காமல் வீட்டுக்காரர்கள் வெளியே கிளம்பியிருப்பார்கள்.

கண்டுபிடித்த சந்தோஷம் ஒரு நொடிதான். அந்தத் தெருக்களில் ஃப்யூஸைப் பிடுங்குகிறவன் யார்? அவள் தம்பிதான்.

ஆய்வாளருக்கும் அதே எண்ணம்தான். "ஏம்மா, உன் தம்பிதானே அங்க லைன்மேன்? ரெண்டு தட்டு தட்டினா கக்கிடுவான்."

"ஐயா, மின்தடை அறிவிப்பு ஊருக்கே போன்ல வருது. யார் வேணா பாத்திருக்கலாம். ஒரு தடவை சோதிச்சுப் பாத்துடலாம். தம்பி மேல தப்புன்னா நானே கூட்டிட்டு வரேன்."

மின்வாரியப் பொறியாளரிடம் பேசினாள். புதன்கிழமை ஒரு தெருவுக்கு மின்தடை என்று வழக்கம்போல் அறிவிப்புப் போனது. உண்மையில் நிறுத்தப்போவதில்லை. அந்த ரகசியத்தை வேண்டுமென்றே தம்பிக்கு மட்டும் முந்தின நாளே சொன்னாள். அவன் கூட்டாளியென்றால் திருடனுக்குச் சொல்லிவிடுவான், திருடன் வரமாட்டான்.

பூட்டிய வீடொன்றுக்கு எதிர்வீட்டில், ஜன்னல் திரைக்குப் பின்னால் உட்கார்ந்தாள். தலைக்குமேல் மின்விசிறி ஜம்மென்று சுற்றியது. தெருவில் போகிறவர்கள் எல்லோருமே திருடன்போலத் தெரிந்தார்கள். ஆனால் ஒருவரும் நிற்கவில்லை. திருடன் வரவேண்டுமென்று வேண்டிக்கொண்ட போலீஸ் உலகத்திலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

வந்தான். அடுப்பு ரிப்பேர்க்காரன் மாதிரி ஒரு பை. ஓடிக்கொண்டிருந்த கேமராவுக்கு நேராகவே நின்று பூட்டில் கைவைத்தான். அமுக்கிப் பிடித்தபோது அவன் போனில் அந்த அறிவிப்பு இருந்தது. தம்பியை அவன் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

பிறகு மின்தடை உள்ள தெருவுக்கே ரோந்து போனது, திருட்டு குறைந்தது. யோசனை தன்னுடையது என்று ஆய்வாளர் மார்தட்டிக்கொண்டார். அவள் அதைக் கண்டுகொள்ளவில்லை. தம்பி தப்பித்தான், அது போதும்.

திருடன் பிடிபட்ட அன்று சாயங்காலமே தம்பி வீட்டுக்கு வந்திருந்தான். உட்காரவில்லை.

"ஏன்க்கா, எங்க ஆபீஸ்ல இன்ஜினியரைத் தவிர வேற யாருக்கும் தெரியாது. எனக்கு மட்டும் எதுக்கு முந்தின நாளே சொன்ன?"

"நீதானேடா லைன்மேன்."

"காலைல சொன்னா போதாதா?"

"உன்னைக் காப்பாத்தத்தான்டா."

"யார்கிட்டேருந்து? உங்க ஆய்வாளர்கிட்டேருந்தா, உன்கிட்டேருந்தா?"

அவள் நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டாள். அவன் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினான். 'வரேன்க்கா' என்று சொல்லவில்லை. இந்தக் கோபம் நிஜம்தானா என்று அப்போதும் அவளுக்குள் ஏதோ ஒன்று கேட்டது.