கலுங்கை அடைத்த நாள்

போன மாதம் சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் மழைக்கு ஒதுங்கி நின்றேன். ராஜபாளையம் பஸ் ஒன்று உள்ளே திரும்பியது. அது நிற்பதற்குள் ஜனம் பாய்ந்துவிட்டது. ஜன்னல் வழியாகத் துண்டு, பை, ஒரு கைக்குழந்தை என்று என்னென்னவோ உள்ளே போயின. என்னைவிட வயதில் இளைய ஒரு பெரியவர் முழங்கையை என் விலாவில் கொடுத்து ஏறினார். நனைந்த தலை, வெற்றிலை எச்சில், யாரோ கொண்டு வந்த மீன் கூடை எல்லாம் சேர்ந்து ஒரு வாடை. பஸ்ஸை விட்டுவிட்டேன். வீட்டில் கேட்டதற்கு இடமில்லை என்றேன். இடமிருந்தது. வாடைதான் ஆகவில்லை.

ஈரத்தலையும் மீன் கவிச்சியும் முழங்கையும் ஒன்றாக வந்தால் எனக்கு ஒரே ஓர் இடம்தான் நினைவுக்கு வரும். கரிவலம்வந்தநல்லூர் போகிற தடத்தை விட்டு மேற்கே உள்ளடங்கிய ஓர் ஊர். அதன் பெயரைச் சொல்லி இப்போது அங்கே இருப்பவர்களைச் சங்கடப்படுத்த வேண்டாம். அந்த ஊர்க் குளத்தின் கலுங்குதான் அந்த இடம்.

அந்த ஊருக்கு நான் போனதற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. ஓரிடத்தில் தரித்திருக்க என் காலுக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான். கூட்டல் வந்தது, கழித்தல் வந்தது, பெருக்கல் வருவதற்குள் நான் ஊரில் இல்லை. காப்பிக் கடையில் மேஜை துடைத்தேன். புளியங்குடியில் எலுமிச்சை மூட்டை தூக்கினேன். நான் செய்த வேலைகளிலேயே வாசனையானது அது ஒன்றுதான். பிறகு ரோட்டுக்குச் சல்லி உடைக்கிற கூட்டத்தோடு சேர்ந்து அந்தப் பக்கம் வந்தேன். ஐப்பசியில் மழை பிடித்ததும் வேலை நின்றது. மேஸ்திரி எங்களை அப்படியே விட்டுவிட்டுச் சொல்லாமல் போய்விட்டார். மற்றவர்கள் சொந்த ஊருக்குத் திரும்பினார்கள். எனக்குத் திரும்ப ஓர் ஊர் வேண்டுமே.

பேச்சியக்கா வீட்டு மாட்டுத் தொழுவில்தான் ஒதுங்கினேன். அவள் புருஷன் பெயர் முத்தையா. மாடு பஞ்சத்தில் போய்விட்டிருந்ததால் தொழுவம் எனக்கு முழுசாகக் கிடைத்தது. நடவுக்குக் கை கொடுத்தேன், அவள் கூழ் ஊற்றினாள். குளத்துக் கரைக்கு நேர் கீழே குத்தகைக்கு ஒரு வயல் எடுத்திருந்தார்கள். விதைநெல்லை அவள் சிவகிரியில் அண்ணன் வீட்டில் கேட்டு வாங்கித் தலைச்சுமையாக நடந்தே கொண்டுவந்தாள். "அறுத்ததும் மொதல்ல இது திரும்பி வரும்" என்று அண்ணன் பெண்டாட்டியிடம் சொல்லிவிட்டு வந்ததாக என்னிடமே பலதடவை சொல்லியிருக்கிறாள்.

அது மழை பொய்த்துப் பொய்த்து, ரேஷன் சோளத்தில் வண்டு பொறுக்கிவிட்டுத் தின்ற காலம். குளத்துக்குள் ஆடு மேய்ந்து பார்த்தவர்கள் அந்த ஊர்க்காரர்கள். அப்படிப்பட்ட குளம் அந்த வருஷம் நிறைந்து வழிந்து மறுகால் விழுந்தது. நட்ட நாற்று வேர் பிடித்துப் பச்சை கட்டியிருந்தது. காலையில் எழுந்ததும் பேச்சியக்கா முகம் கழுவாமல் முதலில் அதைத்தான் போய்ப் பார்ப்பாள். ஒருநாள் நானும் கூடப் போனேன். "என்னக்கா, தெனமும் பாக்க, அதுவா ஓடிரப் போகுது?" என்றேன். "நீதாம்லே ஓடுத பய. அது நின்ன எடத்துல நிக்கும்" என்றாள்.

பட்டணத்துப் பிள்ளைகளுக்குக் கலுங்கு என்றால் தெரியாது. குளம் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழிந்து போவதற்காக ஒரு கல்கட்டு இருக்கும். அதுதான் கலுங்கு. அதன் தலையில் வரிசையாகக் குத்துக்கல் நட்டிருப்பார்கள். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவிலுள்ள இடைவெளியைக் கண் என்பார்கள். அந்தக் கண்கள் வழியே விழுகிற தண்ணீர் ஓடையாகிக் கீழ்க்குளத்துக்குப் போகும். புதுத்தண்ணீர் வந்து சேர்ந்ததும் கீழ்க்குளத்து மீனெல்லாம் சினையோடு ஓடையை எதிர்த்து ஏறும். விராலும் கெளுத்தியும் கெண்டையும் கலுங்கடிப் பள்ளம் வரை வந்து, சுவரில் முட்டி விழும். மறுபடி துள்ளும், மறுபடி விழும். அழகான காட்சி என்று எழுதக் கை வருகிறது. எவன் பார்க்க விட்டான்?

மீன் ஏறுகிற சேதி எப்படித்தான் பரவுமோ தெரியாது. சைக்கிளிலும் மாட்டுவண்டியிலும் கால்நடையாகவும் சுற்றுப்பட்டு ஊர்களெல்லாம் வந்துவிட்டன. ஓடையின் இரண்டு கரையிலும் தோளோடு தோள். முதல்நாளே துண்டை விரித்துக் கல்லை வைத்து இடம் பிடித்துப் போனவர்கள், மறுநாள் கல்லும் இல்லாமல் துண்டும் இல்லாமல் அடித்துக்கொண்டார்கள். தூண்டில்கள் ஒன்றோடொன்று சிக்கி வலைபோலக் கிடந்தன. தாலுகா ஆபீஸ் குமாஸ்தா ஒருவர் குடையைப் பிடித்துக்கொண்டே தூண்டில் வீசினார். அது பக்கத்தில் நின்றவன் காதில் மாட்டியது.

"யோவ், என் காதுவே!"

"காதா? கனமா இருக்கேன்னு வெரால்னுல்லா நெனச்சேன்."

இதற்கு நான் உட்பட எல்லோரும் சிரித்தோம். அன்றைக்குச் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

தூண்டில் போட்டவன் பாடு பரவாயில்லை. பொறுமை இல்லாதவர்கள் கம்பை எடுத்து அடித்தார்கள். துள்ளுகிற மீனை ஆகாயத்திலேயே அடித்தார்கள். அடி வாங்கிய மீனின் வயிறு பிதுங்கிச் சினை தெறிக்கும். கரை முழுக்கச் சினை. கால் வைத்தால் வழுக்கும், விரலிடுக்கில் நசுங்கும். கொஞ்சம் தள்ளிப் போனால் அத்தனை ஜனமும் வயிற்றைக் காலி செய்த கரை. இரண்டு வாடையும் மழைக்குள் கலந்து நின்றன. அங்கேயே ஒருவன் சுக்குக் காப்பி விற்றான். குடித்தார்கள்.

மற்ற நாளில் அந்தத் தெருக்காரன் நிழல் இந்தத் தெருக்காரன் மேல் படக்கூடாது. அன்றைக்குப் பள்ளத்துக்குள் எல்லாரும் ஒரே சகதியில் உரசிக்கொண்டு நின்றார்கள். தீட்டு ஒழிந்தது என்று என்னைப்போல அரைகுறையாய்ப் படித்தவன் நினைத்துக்கொள்ளலாம். மீனைப் பங்கு வைக்கிறபோது அது திரும்பி வந்து தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டது. பெரிய மீன் ஒரு தெருவுக்கு, பொடிமீன் ஒரு தெருவுக்கு.

மாட்டுத் தரகர் வெள்ளைப்பாண்டிக்குத்தான் அந்த யோசனை வந்தது. குரலே பெரியது அந்த ஆளுக்கு. காதில் பேசினாலும் சந்தைக்குக் கேட்கும். "கீழ தண்ணி பாயுத வேகத்துல மீனு நழுவுது. மேல கண்ண அடைச்சா பள்ளம் வத்தும். கையாலயே அள்ளலாம்வே!" என்றார். கேட்க வேண்டுமா? உடைமரத்து முள்ளும் வைக்கோலும் பனைமட்டையும் களிமண்ணுமாகக் கொண்டுவந்து கண்களை ஒவ்வொன்றாக அடைத்தார்கள். அவர் சொன்னபடியே பள்ளம் வற்றியது. ஏறி வந்த மீனெல்லாம் சேற்றில் ஒன்றன்மேல் ஒன்றாகப் புரண்டன. ஜனம் அதன் மேல் விழுந்தது.

மலையில் ராத்திரியெல்லாம் மழை. குளத்துக்குள் தண்ணீர் வந்துகொண்டே இருக்கிறது, போகிற வழி மட்டும் இல்லை. இது அங்கே நின்ற யாருக்கும் தெரியாததல்ல. எல்லாரும் விவசாயம் செய்கிறவர்கள்தான். கொஞ்ச நேரந்தானே, ஒரு வாரு வாரிவிட்டுத் திறந்துவிடலாம் என்பது கணக்கு. ஒரு கூட்டம் வாரி முடித்துக் கரையேறினால் அடுத்த கூட்டம், "எங்க மொற வரும்போது தொறக்கணுமோ?" என்று மல்லுக்கு நிற்கும். இப்படியே போயிற்று.

பேச்சியக்கா சாக்கை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு வயலிலிருந்து கரையேறி ஓடிவந்தாள். கரையின் கீழ்ச்சரிவில் தண்ணீர் கசிகிறது என்றாள். யாரும் திரும்பவில்லை. கலுங்குத் தலையிலேயே ஏறி நின்றுகொண்டாள்.

"வெள்ளைப்பாண்டி அண்ணாச்சி, கண்ணத் தொறங்க. தண்ணி கரைமட்டத்துக்கு வந்துட்டு. ஒங்க காலப் பிடிச்சுக் கேக்குதேன்."

"தொறப்போம், தொறப்போம். நீ போயி மசால அரைச்சு வையி தாயி. ஒன் புருஷன் வெராலோட வாரான்."

கூட்டம் ஊளையிட்டது. முத்தையா கீழே பள்ளத்தில்தான் நின்றார். இடுப்பளவு சேறு. கையில் பனைநாரில் கோர்த்த மீன்கள். தலையைத் தூக்கினார்.

"ஏட்டி, மானத்த வாங்காத. வீட்டுக்குப் போ."

"நாத்து போச்சுன்னா வீட்டுல என்னத்தத் திங்க? ஏறி வாங்க நீங்க!"

அவர் ஏறவில்லை. ஒரு தரம் கரைப் பக்கம் பார்த்தார், ஒரு தரம் சேற்றைப் பார்த்தார். அவர் பக்கத்தில் நின்றவன் காலடியில் கையை விட்டு ஒரு பெரிய விராலைத் தூக்கினான். முத்தையாவும் குனிந்துவிட்டார்.

அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முதல் கண்ணில் இருந்த முள்ளைப் பிடித்து இழுத்தாள். வெறுங்கை. நான் போய்ச் சேர்ந்து இழுத்தேன். வீரம் பேச வரவில்லை. ஒரு கொத்து முள் வந்தது, தண்ணீர் பிய்த்துக்கொண்டு பள்ளத்தில் விழுந்தது, அதோடு என் முகத்தில் எவனோ ஒருவன் முழங்கையும் விழுந்தது. முன்பல் ஒன்று போயிற்று. நான் சுவரோரம் உட்கார்ந்து ரத்தம் துப்பிக்கொண்டிருந்தேன்.

கீழே இருந்தவர்களுக்கு அள்ளிக்கொண்டிருந்த மீன் தண்ணீரோடு போன ஆத்திரம். ஒருத்தன் ஒரு கெளுத்தியை எடுத்து அவள் மேல் எறிந்தான். முள்ளோடு தோளில் குத்தி நின்று விழுந்தது. "பொம்பள கால் வச்சுட்டால்லா, இனிம மீனு ஏறினாப்லதான்" என்றான் இன்னொருத்தன். இரண்டு பேர் அவளைக் கையைப் பிடித்து இழுத்துக் கரையில் விட்டார்கள். திறந்த கண்ணைத் திரும்பவும் அடைத்தார்கள். அவள் ரத்தம் வழிகிற உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். பிறகு வயல் பக்கமாக நடந்தாள்.

கரை உடைந்தபோது பெரிய சத்தம் எதுவும் கேட்கவில்லை. கரை திரும்புகிற இடத்தில் மாடுகள் ஏறியிறங்கித் தேய்ந்த ஒரு தாழ்வு. அங்கே மண் கொஞ்சம் சரிந்தது. ஈயச் சட்டியிலிருந்து டீ கவிழ்ந்த மாதிரி ஒரு விழுது இறங்கியது. அதற்குப் பிறகு அந்த இடத்தில் கரை இல்லை. வருஷக்கணக்காக ஊர் காத்துக் கிடந்த தண்ணீர் முழுவதும் அந்த வழியே வயல்மேல் போனது. கூட்டம் மீனை விட்டுத் திரும்பிப் பார்த்தது. எவ்வளவு நேரம் என்று கேட்கிறீர்களா? ஒரு இருமல் இருமுகிற நேரம். பிறகு எவனோ கத்தினான்.

"எலேய், மீனெல்லாம் அங்கன போகுதுடா!"

அவ்வளவுதான். கூடை, துண்டு, கொசுவலை, வேட்டி என்று கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு அத்தனை பேரும் வயலுக்குள் ஓடினார்கள். தண்ணீர் படுக்கவைக்காமல் விட்ட நாற்றை இவர்கள் மிதித்தார்கள். வரப்பில் பேச்சியக்கா நின்றுகொண்டிருந்தாள். அவளைச் சுற்றிக்கொண்டு ஓடினார்கள், வழியில் ஒரு மரம் நின்றால் சுற்றிப் போவதுபோல. முத்தையாவும் ஓடிவந்தார். அவர் மீனுக்கு ஓடிவரவில்லை, அதை நான் சொல்லியாக வேண்டும். தன் வயலைப் பார்த்து நெஞ்சில் அடித்துக்கொண்டே வந்தார். வயல் நடுவில் கெண்டைக்கால் தண்ணீரில் நின்று வாயைத் திறந்து அழுதார். அப்போது ஒரு விரால் அவர் காலில் வந்து முட்டியது. அழுதுகொண்டே குனிந்து அதைப் பிடித்தார்.

சாயங்காலம் பேச்சியக்கா அந்த மீனைச் சாம்பலில் தேய்த்து அறுத்தாள். உள்ளங்கையில் துணி சுற்றியிருந்தாள். வயிறு கொள்ளாமல் பொன்னிறமாகச் சினை இருந்தது. அதையும் சட்டியில் போட்டாள். வீட்டில் வேறு ஒன்றும் இல்லை. மூன்று பேரும் சாப்பிட்டோம். எனக்குப் பல் போன இடத்தில் புளி பட்டு எரிந்தது. முத்தையா கையைக் கழுவிவிட்டு வெளியே போனதும், "வெதநெல்லு தந்த மைனி மூஞ்சில எப்படிப் போயி முழிக்க?" என்று மட்டும் கேட்டாள். என்னைக் கேட்கவில்லை. சட்டியைப் பார்த்துக் கேட்டாள்.

அடுத்த சில நாள் ஊருக்குள் இருக்க முடியவில்லை. தின்றது போக எறிந்த மீனும், வயலில் தண்ணீர் வடிந்து செத்த மீனும் நாறின. நாய்களே தின்று கக்கின. ஈ கூழுக்குள் விழுந்தது. தை பிறக்கும் முன்னால் மலைத்தோட்டத்துக்கு ஆள் எடுக்கிற கங்காணி ஒருவர் வந்தார். முத்தையாவும் பேச்சியக்காவும் கதவைச் சாத்திக் கயிற்றால் கட்டிவிட்டு அவர் பின்னால் போனார்கள். நான் வேறு பக்கம் போனேன்.

ஒரு கல்யாணத்துக்குப் போகிற வழியில், ரொம்ப வருஷம் கழித்து, அந்த ஊரில் இறங்கினேன். கரையை அப்புறம் கட்டினார்களாம். இப்போது குளம் முழுக்கச் சீமைக்கருவேலம். கலுங்குச் சுவர் பாதி இருக்கிறது. குத்துக்கற்களைப் பெயர்த்துக்கொண்டு போய்த் துணி துவைக்கப் போட்டிருக்கிறார்கள். கீழே ஓடை இருந்த தடத்தில் வீடுகள். கீழ்க்குளம் எங்கே என்று கேட்டால் பஸ் நிற்கிற இடத்தைக் காட்டுகிறார்கள். வயல் இருந்த இடத்தில் மனைக்கல் நட்டு வெள்ளையடித்திருக்கிறது. அந்தத் தண்ணீரில்லாத மண்ணில் மீனும் ஏறாது, நாற்றும் நிற்காது.

டீக்கடையில் என் வயதுக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பேச்சுக் கொடுத்தேன். குளத்துக் கரை உடைஞ்சதே, அந்த வருஷம் ஞாபகம் இருக்கா என்று கேட்டேன். யோசித்தார். பிடிபடவில்லை. கலுங்கை அடைத்தார்களே என்றதும் முகம் மலர்ந்துவிட்டது.

"மீன் அள்ளுன வருஷமா! அப்படிச் சொல்லும்வே. ஏயப்பா, என்னா மீனு! இனிம அப்படியெல்லாம் காலம் வருமா? ஒவ்வொரு வெராலும் இந்தா, இந்தத் தண்டி இருக்கும்."

இரண்டு கையையும் அகல விரித்துக் காட்டினார்.

"கரைக்குக் கீழ வயல் வச்சிருந்தாங்களே, பேச்சின்னு ஒரு அக்கா…" என்றேன்.

விரித்த கையை இறக்காமலே கேட்டார்.

"எந்தப் பேச்சி?"