நான்கு விளக்குகளும் ஒரு கையும்

எங்கள் ஊர் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு லைட் போடுவது சித்தப்பாதான். முக்கூடலில் லைட் கடை வைத்திருந்தார். திடலின் நான்கு மூலைகளிலும் கம்பம் நட்டு, கண்ணைக் கூசவைக்கும் மெட்டல் ஹாலைடு விளக்குகளை மாட்டுவார். வேறு வெளிச்சமே வேண்டாம். அப்போது எனக்கு எட்டு வயது. எனக்கும் ஒரு பொறுப்பு வந்து சேர்ந்தது.

"ஏட்டி, அத்தை கைய விடாத. எங்கன போனாலும் கூடவே போ" என்றார் அப்பா.

அவருடைய தங்கையான அத்தைக்கு இரண்டு நாளில் நிச்சயதார்த்தம். அவள் மனசு வேறொருவரிடம் இருந்தது என்பது என்னைத் தவிர ஊருக்கே தெரியும். நான் போலீஸ்காரி மாதிரி அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவளுக்கு அந்தப் பக்கம் சித்தி, சித்தப்பாவின் மனைவி.

வில்லுப்பாட்டு தொடங்கிய கொஞ்ச நேரத்தில் நான்கு விளக்குகளும் அணைந்தன. கரண்ட் போனது ஒரு நொடிதான், மைக் உடனே வந்துவிட்டது. விளக்குகள் மட்டும் வரவில்லை. பாடியவர் நிறுத்திவிட்டார். கம்பத்தடிப் பெட்டிகளுக்குள் எதுவோ 'டிர்ர்... டிர்ர்...' என்று சுரண்டியது.

"ஏலே, லைட்டப் போடுலே!" என்று ஒருவர் கத்தினார்.

"பல்பு கொதிக்கு அண்ணாச்சி. சூடு ஆறுனாத்தான் பத்தும். பத்து நிமிசம் பொறுங்க" என்றது சித்தப்பாவின் குரல்.

அத்தை சேலையைச் சரிசெய்யக் கையை விட்டாள். மறுபடி பிடித்தபோது அந்தக் கை சில்லென்று வேர்த்திருந்தது. "அத்தை" என்றேன். பிடி இறுகியது. பெட்டிகள் சுரண்டிக்கொண்டே இருந்தன.

கடைசியில் விளக்குகள் ஊதா நிறத்தில் மெல்லப் பற்றின. எல்லா முகங்களிலும் பிணக்களை. என் கையைப் பிடித்திருந்தவள் சித்தி! மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தை இல்லை.

"அத்த சித்தியா மாறிட்டா!" என்று நான் அலறியதில் அப்பா ஓடிவந்தார். சித்தியைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். அதற்குள் அத்தை ஆற்றைத் தாண்டிப் போயிருந்தாள்.

சுரண்டியது இக்னைட்டர் என்பது வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. ஆறிய பல்பைப் பற்றவைக்கிற அதன் மின்வீச்சு, கொதிக்கும் பல்புக்குப் போதாதாம். ஆறும்வரை முட்டிக்கொண்டே இருக்குமாம். மெயின் சுவிட்சை ஒருமுறை தட்டினால் பத்து நிமிட இருட்டு உறுதி என்று சித்தப்பாவுக்குத் தெரியும்.

அவர் கரண்டின் மேல் பழிபோட்டுத் தப்பித்துக்கொண்டார். சித்தி எங்களோடு ஒரே வீட்டில் இருந்தாள். அப்பா அவளோடு பேசுவதை விட்டார். நானோ அவளைப் பேய் என்று நம்பி, அவள் கையால் சோறு வேண்டாம் என்று மாதக்கணக்கில் அழுதேன். அவளைக் காட்டிக்கொடுத்தது என் அலறல்தான் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. தட்டை என் முன்னால் வைத்துவிட்டு, அவள் அடுத்த அறைக்குப் போய்விடுவாள்.