கடைசிப் பந்தியில் ஜலீல் பாய்

அப்பாவுக்கு யூரியா வாங்க வந்த சூர்யபிரகாஷ், கல்லாவில் ஆளைக் காணாமல் உள்ளே எட்டிப் பார்த்தான். உரக்கடைக்காரர் ஜலீல் பாய் டி.ஏ.பி. உர மூட்டைகளின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து தடித்த நாவல் ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தார்.

"பாய், யூரியா இருக்கா?"

"இந்த அத்தியாயம் முடியட்டும் தம்பி. ரெண்டு பக்கந்தான். அந்தப் பொண்ணு ரயில் ஏறுறாளா இல்லையான்னு தெரிஞ்சுடும்."

"நான் எம்.ஏ. தமிழ்ங்க," என்றான் சூர்யபிரகாஷ். யாரும் கேட்கவில்லை. அவன் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் அவன்தான். உரம் வாங்கும் இடத்திலும் அது தெரிந்திருப்பது நல்லது என்று நினைத்தான்.

ஜலீல் பாய் அப்போதுதான் தலையை நிமிர்த்தினார். "அட, அப்ப ஒங்களையும் சங்கிலியில சேத்துக்கலாமே!"

யூரியாவை மறந்து இருவரும் ஒரு மணி நேரம் பேசினார்கள். அப்பா போனில் கூப்பிட்ட பிறகுதான் மூட்டை வண்டியில் ஏறியது.

சங்கிலி என்பது இதுதான். ஒரே ஒரு நாவல். ஒருவர் படித்து முடித்ததும் அதைத் தபாலில் அடுத்தவருக்கு அனுப்ப வேண்டும். தாராசுரத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியை தர்மாம்பாள், வலங்கைமான் பக்கத்தில் விவசாயம் பார்க்கும் தங்கையன், தரங்கம்பாடியில் வீட்டிலேயே இறால் ஊறுகாய் போட்டு விற்கும் நிலோஃபர், இப்போது தஞ்சாவூரில் அறை எடுத்துத் தங்கித் தேர்வுகளுக்குப் படிக்கும் சூர்யபிரகாஷ், திருத்துறைப்பூண்டி கடைத்தெருவில் உரக்கடை வைத்திருக்கும் அப்துல் ஜலீல். இவர்களுக்கு ஒரு வாட்ஸப் குழு. ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டால் தங்கையன் புத்தகத்தைத் தொடமாட்டார் என்பதால், மேட்டூர் அணை திறக்கும் தேதியைப் பார்த்துத்தான் நாவல் கிளம்பும்.

சங்கிலிக்கு ஒரு பழக்கமும் உண்டு. அதைத் தொடங்கிவைத்தவரும் ஜலீல் பாய்தான். முதல் சுற்றில் தர்மாம்பாளின் புத்தகத்தைப் பொட்டலம் கட்டியவருக்கு, அதை அப்படியே அனுப்பக் கை வரவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து குழம்பு வந்த கிண்ணத்தைக் கழுவி வெறுமனே திருப்பிக் கொடுக்கிற வீடில்லை அவர் வீடு. ஒன்றுமில்லை என்றால் ஒரு பிடி சீனியாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். புத்தகமும் அவங்க வீட்டுக் கிண்ணம் மாதிரிதானே என்று ஒரு பாக்கெட் பேரீச்சம்பழத்தை உள்ளே வைத்தார். அதோடு மற்றவர்களுக்கும் மானப் பிரச்சினை ஆகிவிட்டது. தாராசுரத்திலிருந்து காபிப் பொடி வந்தது. தங்கையன் வீட்டிலிருந்து மாப்பிள்ளைச் சம்பா அவல். குழுவில் 'நாவல் கிடைத்தது' என்று வந்த செய்தி, 'அவல் கிடைத்தது, அருமை' என்று மாறியது. நாவல் மீது யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. அதுவும் கூடவே வந்தது.

ஜலீல் பாய்க்கு மட்டும் நாவல்தான் முக்கியம். அதிலும் ஒரே ஒரு நாவல்.

சவூதியில், தம்மாமில் அவர் ஒரு கிடங்கில் வேலை பார்த்த காலத்தில், கேம்ப் அறையில் ஒரு தமிழ்ப் புத்தகம் கிடந்தது. அட்டை இல்லை, பெயர் இல்லை. முன்பக்கங்கள் கரப்பானுக்குப் போயிருந்தன, பின்பக்கங்களில் யாரோ சமோசா மடித்திருந்தார்கள். நடுவில் இருந்த கதையில், வெளிதேசம் போன ஒருவன் வருஷக்கணக்கில் காசும் அனுப்பாமல் கடிதாசும் போடாமல் இருந்துவிட்டு ஒரு மத்தியானம் திரும்பி வருகிறான். அவன் பெண்டாட்டி மரகதம் உள்ளே இருக்கிறாள். கதவைத் தட்டுகிறான். அவள் எழுந்து வந்து தாழ்ப்பாளில் கை வைக்கிறாள். அத்தோடு சமோசா.

கதவைத் திறந்தாளா இல்லையா? காசும் கடிதாசும் ஒழுங்காக அனுப்பியவர்தான் ஜலீல் பாய். ஆனாலும் அந்தக் கதவு அவரை விடவில்லை. கேம்ப்பில் கேட்டார், விமானத்தில் பக்கத்து சீட்காரரிடம் கேட்டார், ஊர் வந்து சேர்ந்து உரக்கடை போட்ட பிறகு, படித்த மாதிரித் தெரிந்த வாடிக்கையாளர்களிடம் எல்லாம் கேட்டார். ஒருநாள் குழுவிலும் கதையைச் சொல்லிக் கேட்டார்.

"அது 'நாலாம் மடை' ஆச்சே! எங்க வீட்டு அலமாரியில இருக்கு பாய்," என்று தர்மாம்பாளின் குரல்பதிவு வந்தது. பதிப்பகத்தை மூடிப் பல காலம் ஆகிறதாம். வேறு பிரதி எங்கும் கிடைக்காதாம்.

அன்றைக்கு ஜலீல் பாய் யாருக்கும் கடன் இல்லை என்று சொல்லவில்லை. கேட்டவருக்கெல்லாம் உரம் கொடுத்தார்.

தர்மாம்பாள் நேராக அவருக்கே அனுப்புவதாகத்தான் சொன்னார். ஜலீல் பாய் கேட்கவில்லை. "நான் ஆசைப்பட்டு வரவழைக்கிற புஸ்தகம் டீச்சரம்மா. எங்க வூட்டு விருந்து மாதிரி. வூட்டுக்காரன் மொதல் பந்தியில ஒக்காந்தா நல்லாவா இருக்கும்? எல்லாரும் படிக்கட்டும். நான் கடைசிப் பந்தி." கூடவே ஒரு கண்டிப்பும் போட்டார்: "முடிவை மட்டும் யாரும் குழுவுல மூச்சு விடக்கூடாது. ஆமா, சொல்லிட்டேன்."

நாவல் கிளம்பியது. செய்திகள் வந்தன. 'கடைசியில் கண் கலங்கிவிட்டது' என்றார் தங்கையன். 'கடைசிப் பக்கம் சூப்பர் மாமா' என்றாள் நிலோஃபர். 'முடிவில் ஆசிரியர் சிகரத்தைத் தொடுகிறார்' என்றான் சூர்யபிரகாஷ். ஒவ்வொன்றையும் ஜலீல் பாய் மனைவி கமருன்னிஸாவிடம் வாசித்துக் காட்டினார்.

"எல்லாரும் சாப்பிட்டுட்டுக் கையைக் கழுவிட்டாங்க. ஒங்களுக்கு எலை எப்ப போடுவாங்களாம்?" என்றார் கமருன்னிஸா.

கடைசியில் பார்சல் வந்தது. கடையில் வைத்துப் பிரிக்க மனமில்லாமல் ஜலீல் பாய் வீட்டுக்கே எடுத்து வந்தார். பிரித்ததும் ஊதுபத்தி வாசனை வந்தது. சூர்யபிரகாஷ் தன் பங்குக்கு ஒரு பாக்கெட் ஊதுபத்தி வைத்திருந்தான். நாலு பக்கத்தில் தட்டச்சு செய்த விமர்சனமும் வைத்திருந்தான். ஊதுபத்திக்கு அடியில் வேறொரு வாசனை இருந்தது. கமருன்னிஸா மூக்கை உறிஞ்சினார்.

"இறால்."

நிலோஃபர் தஞ்சாவூருக்கு அனுப்பியபோது கூடவே ஒரு பாட்டில் ஊறுகாய் வைத்திருந்தாள். அதன் மூடி வழியில் இளகிவிட்டது. நாவலின் முக்கால் பாகம் சுத்தமாக இருந்தது. கடைசியில் ஒரு கையளவு பக்கங்கள் மட்டும் எண்ணெயும் மசாலாவுமாக ஒன்றோடொன்று ஒட்டி, செங்கல் மாதிரி இறுகியிருந்தன. ஜலீல் பாய் நகத்தால் ஓரத்தை நெம்பினார். காகிதம் பிட்டு மாதிரி உதிர்ந்தது.

"கையை எடுங்க. இருக்குறதையும் கெடுத்துடாதீங்க," என்றார் கமருன்னிஸா. "அரிசி மாவைத் தூவி வெயில்ல வச்சா எண்ணெயை இழுத்துக்கும். அப்புறம் பூப்போலப் பிரியும். பட்டுச் சேலைக்கே நாங்க அதான் செய்யுறோம்."

யோசனை நல்ல யோசனைதான். ஜலீல் பாய் அந்தப் பக்கங்களைத் தையல் பிரித்துத் தனியே எடுத்து, மொட்டை மாடியில் சொளகில் பரப்பி, மேலே கீழே மாவு தூவினார். குழந்தையைத் தொட்டிலில் போட்டவர் மாதிரி ஒருமுறை நின்று பார்த்துவிட்டு மத்தியான லுஹர் தொழப் போனார். தொழுகையில்கூட மரகதத்தின் கை தாழ்ப்பாளில்தான் இருந்தது.

திரும்பி வந்து படியேறியபோது சொளகு கவிழ்ந்து கிடந்தது. காகங்கள் மாவைப் பொறுக்கிக்கொண்டிருந்தன. கைப்பிடிச் சுவரோரம் பக்கத்து வீட்டுச் சாம்பல் பூனை உட்கார்ந்து 'நாலாம் மடை'யின் இறுதி அத்தியாயத்தை முன்காலால் அழுத்திப் பிடித்து, கடித்து, இழுத்து, நக்கிக்கொண்டிருந்தது. அவ்வளவு ஈடுபாட்டோடு அந்த நாவலை அதுவரை யாரும் அணுகியதில்லை. ஜலீல் பாய் போட்ட கூச்சலில் வாயில் கவ்வியதோடு சுவர் தாண்டிப் போய்விட்டது. மிச்சத்தைக் காற்று கொண்டுபோய் வாய்க்காலில் போட்டது. மாடியில் எஞ்சியது கட்டைவிரல் அகலத்தில் ஒரு துண்டு. அதில் 'என்றாள்' என்று இருந்தது.

என்னவோ சொல்லியிருக்கிறாள்.

அவர் பதறவில்லை. நாலு பேர் படித்த புத்தகம்தானே, போனில் கேட்டால் தெரிந்துவிடும். முதலில் சூர்யபிரகாஷைக் கூப்பிட்டார்.

"தம்பி, நானே கேக்குறேன், தப்பில்ல. மரகதம் கதவைத் தொறந்தாளா?"

"பாய், முடிவுங்குறதே பழைய எதிர்பார்ப்பு. நவீன நாவல்ல முடிவு பிரதியில இருக்காது, வாசகன்கிட்டதான் இருக்கும்."

"வாசகன்கிட்ட இல்ல தம்பி. பூனைகிட்ட இருக்கு."

நடந்ததைக் கேட்டதும் சூர்யபிரகாஷின் குரல் இறங்கியது. "எனக்கு வரும்போதே ஒட்டித்தான் பாய் இருந்துச்சு. பிரிச்சா கிழிஞ்சுடுமோன்னு விட்டுட்டேன். வாசனைக்காகத்தான் ஊதுபத்தி வச்சேன்."

"அப்ப முடிவைப் பத்தி எப்படி நாலு பக்கம் எழுதுனீங்க?"

"எம்.ஏ.வுல அதுக்குத்தான் பாய் பயிற்சி."

நிலோஃபர் போனை எடுத்ததும், "மாமா! ஊறுகா எப்படி? உப்புச் சரியா இருந்துச்சா?" என்றாள்.

"புஸ்தகத்துக்கு நல்லாப் புடிச்சிருந்துச்சும்மா. அது இருக்கட்டும். மரகதம் கதவைத் தொறந்தாளா?"

"மரகதம் யாரு மாமா?"

நிலோஃபர் எந்த நாவலையும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் தொடங்குவாள். பிடித்திருந்தால் முதல் பக்கத்துக்குப் போவாள். "'ரசத்தைச் சுட வைக்கிறேன் என்றாள்.' அதோட முடியுது மாமா. ரசத்துல போயி முடியுற கதைக்கு இவ்வளவு பெரிய புஸ்தகமான்னு மூடி வச்சுட்டேன்."

'என்றாள்' கையில் இருந்தது. ஆக, ரசம் உண்மை. ஜலீல் பாய்க்கு நம்பிக்கை வந்தது. ஆனால் சொன்னது மரகதமா, அவள் நாத்தனாரா? நாத்தனாரும் அதே வீட்டில்தான் இருக்கிறாள், சமையலும் அவள்தான். தங்கையனைக் கூப்பிட்டார்.

"நிலத்தை வித்த எடத்தோட நிறுத்திட்டேன் பாய்," என்றார் தங்கையன். "தரிசாக் கெடந்ததை வித்திருந்தாலும் மனசு ஆறும்ங்க. நட்டு, பச்சை புடிச்சு நிக்கிற வயலை விக்கிறான் பாய் அந்தப் பாவி! அதுக்கு மேல அவன் வூடு வந்தா எனக்கென்ன, வராட்டி எனக்கென்ன?"

"அது பாதிக் கதைதானே. கடைசியில கண்ணு கலங்கிடுச்சுன்னு போட்டீங்களே?"

"கலங்குச்சே. எனக்கு அதான் கடைசி."

மிச்சம் தர்மாம்பாள். புத்தகத்துக்குச் சொந்தக்காரர். கதையைக் கேட்ட மாத்திரத்தில் பெயரைச் சொன்னவர். ஜலீல் பாய் நடந்ததைச் சொல்லி, புத்தகத்துக்காக மன்னிப்புக் கேட்டு, பிறகு கதவைப் பற்றிக் கேட்டார்.

"பாய், நீங்க தப்பா நினைச்சுக்கக் கூடாது. அது எங்க வீட்டுக்காரர் வாங்கின புஸ்தகம். நான் படிச்சதில்ல. தினம் ராத்திரி சாப்பிட்டப்புறம் அவர்தான் கதையாச் சொல்லுவார். கதவைத் தட்டுற வரைக்கும் நான் முழிச்சிருந்தேன்."

"அப்புறம்?"

"தூங்கிட்டேன். மறுநாள் கேட்டிருக்கலாம். இருக்காரேன்னு விட்டுட்டேன்." பிறகு அவரே சொன்னார்: "நீங்க முடிவைச் சொல்லக் கூடாதுன்னு எல்லாரையும் மெரட்டி வச்சீங்க. இல்லாட்டி நானாவது குழுவுல கேட்டிருப்பேன். எனக்கும் தெரிஞ்சுக்கணும்னுதான் இருந்துச்சு."

ஜலீல் பாய் போனை வைத்தார். விருந்தும் அவருடையது, பந்தி முறையும் அவருடையது, கிண்ணத்தை வெறுமனே அனுப்பாத பெருந்தன்மையும் அவருடையது, வாயைக் கட்டியதும் அவர்தான். கோபித்துக்கொள்ள ஆளில்லாமல் பூனையைத் திட்டினார்.

கமருன்னிஸா சோறு போட்டார். பாட்டிலில் மிஞ்சியிருந்த இறால் ஊறுகாயை ஓரத்தில் வைத்தார். ஊறுகாய் நன்றாகத்தான் இருந்தது. அதுதான் அவருக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"ரசத்தைச் சுட வைக்கிறேன்னு சொன்னாளாமே," என்றார் கமருன்னிஸா. "கதவைத் தொறக்காம யாருக்குச் சுட வைப்பா?"

"நாத்தனாரா இருந்தா? அவளுக்கே சுட வச்சுக்கிட்டிருந்தா? அதெல்லாம் அப்படி ஊகத்துல விட முடியாது கமரு. நாவல்னா நாவல்ல இருக்கணும்."

"நீங்க தம்மாம்லேர்ந்து சொல்லாமக் கொள்ளாம வந்து நின்னீங்களே, அன்னைக்குக் கதவை யாரு தொறந்தா?"

"நீதான்."

"தொறந்துட்டு என்ன சொன்னேன்?"

ஜலீல் பாய் யோசித்தார். டாக்ஸி நிறம் ஞாபகம் இருந்தது. பெட்டியில் கட்டியிருந்த கயிறு ஞாபகம் இருந்தது. கமருன்னிஸாவின் வாய் அசைந்ததுகூட ஞாபகம் இருந்தது.

"என்னமோ சொன்னே."

"சொந்தக் கதையில முடிவு மறந்துபோச்சு. ஊரார் கதைக்கு நாலு ஊருக்குப் போனு," என்று சொல்லிவிட்டுக் கமருன்னிஸா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

அப்துல் ஜலீல் இப்போதும் திருத்துறைப்பூண்டியில் அதே கடையில் உரம் விற்கிறார். சங்கிலி நடக்கிறது. முதலில் படிப்பது அவர்தான். படித்ததும் தர்மாம்பாளுக்குப் போன் போட்டு முடிவைச் சொல்லிவிடுகிறார். நிலோஃபரின் ஊறுகாய் தனிப் பார்சலில் வருகிறது. கமருன்னிஸா மாதாமாதம் வரவழைக்கிறார். நாவல் பொட்டலத்தில் புத்தகம் தவிர வேறு எதுவும் வைக்கக்கூடாது என்பது புது விதி. பேரீச்சம்பழத்துக்கு மட்டும் விலக்கு. மரகதம் கதவைத் திறந்தாளா என்பது அவருக்குத் தெரியாது. கமருன்னிஸா அன்றைக்கு என்ன சொன்னார் என்பதும் தெரியாது. பலமுறை கேட்டுவிட்டார். அவர் சொல்வதாக இல்லை.