அம்மா பெயருக்கு விழுந்த சீட்டு

போன வாரம் திருப்பதியில் வாங்கின பருத்திப் புடவையைப் பிரித்தேன். கஞ்சி வாசனை குப்பென்று வந்தது. மற்றவர்களுக்கு அந்த வாசனை எதை நினைவூட்டுமோ, எனக்கு ஆராய்ச்சி முறைகள் பாடம்தான் ஞாபகம் வருகிறது. சிரிக்காதீர்கள். அதையே நடத்திக் காலம் தள்ளியவளுக்கு வேறு எது வரும்?

அப்போது சித்தூரில் ஒரு கல்லூரியில் சமூகவியல் துறையில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். வகுப்பில் பாதி தெலுங்கு, பாதி தமிழ், கணக்கு மட்டும் இங்கிலீஷ். சராசரி என்றால் பிள்ளைகள் தலையாட்டுவார்கள். திட்ட விலக்கம் என்றதும் ஜன்னலைப் பார்ப்பார்கள். வெளியே கூட்டிப்போனால்தான் உருப்படும் என்று நகரிக்கு அழைத்துப் போனேன், விசைத்தறி வீட்டுப் பெண்களைப் பேட்டி காண. தெருவெல்லாம் தறிச் சத்தமும் கஞ்சி வாசனையும். பெண்களின் பெயர்களைச் சீட்டில் எழுதி, என் டிபன் டப்பாவில் போட்டுக் குலுக்கினோம். யார் பெயர் வருகிறதோ அவரைத்தான் கேட்க வேண்டும்.

நகரிப் பெண் சுமதி எடுத்த சீட்டில் அவள் அம்மா பெயர். வகுப்பே சிரித்தது. சொந்த அம்மாவைப் பேட்டி காணக் கூடாது, வேறு ஆளை அனுப்புகிறேன் என்றேன். அவள் விடவில்லை. பிச்சாட்டூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து அவளைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். சம்மதம் சொல்லிவிட்டால் படிப்பு அந்த வருஷத்தோடு சரி.

"வூட்ல எல்லாம் நைனாதான் மேடம். அம்மா வாயே தொறக்காது. இந்த மாதிரி பேப்பர் வச்சிக்கினு கேட்டா சொல்லும்."

புத்தகம் கூடாது என்கிறது. என்னதான் நடக்கும் பார்ப்போமே என்ற குறுகுறுப்பு எனக்கு. கூடவே போனேன்.

அந்த அம்மா மகளுக்கு நாற்காலி போட்டார். விருந்தாளிகளுக்கு எடுக்கும் டம்ளரில் மோர் கொடுத்தார். எதிரே உட்கார்ந்ததும், எதுவானாலும் அவரைக் கேளுங்கள் என்று தறியில் இருந்த கணவர் பக்கம் கை காட்டினார். சீட்டு உங்கள் பெயருக்குத்தான் விழுந்தது என்றாள் சுமதி, வகுப்பில் பழகின குரலில். வயது கேட்டாள், வேலை நேரம் கேட்டாள். பெண்ணை எதுவரை படிக்க வைக்கப் போகிறீர்கள் என்று கேட்டதும் தறி நின்றுவிட்டது. அவள் அப்பா திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பட்ச்சிக்கினே இருக்கட்டும். கண்ணாலம் இப்போ வாணாம். நான் சொன்னேன்னே எழுதிக்கோங்க" என்றார் அந்த அம்மா.

சுமதிக்குப் பேனா ஓடவில்லை. அப்பா, "எழுதிட்டியாம்மா?" என்றார். பிச்சாட்டூர்க்காரர்களிடம் தானே பேசிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுத் தறியை ஓட்ட ஆரம்பித்தார்.

அட்டவணை போடும்போது அந்தப் பதிலைச் சேர்க்கலாமா என்று வகுப்பு இரண்டுபட்டது. அந்த அம்மா மகளிடம் பேசினாரா, காகிதத்திடம் பேசினாரா? இன்றைக்கும் யோசிக்கிறேன், பிடிபடவில்லை.

சுமதி இப்போது திருப்பதியில் அதே பாடம் எடுக்கிறாள். அவள் பிள்ளைகள் தெருத் தெருவாக அலைவதில்லை. கேள்விகள் போனில் போகின்றன, பதில்கள் வந்து குவிகின்றன, சதவீதத்தையும் அதுவே போட்டுக் கொடுத்துவிடுகிறது. போன மாதம் ஒரு கேள்வித்தாளைச் சோதித்துப் பார்க்க அம்மாவுக்கு அனுப்பினாளாம். அம்மா உடனே கூப்பிட்டிருக்கிறார்.

"இதெல்லாம் என்னை இன்னாத்துக்குக் கேக்கற? உனக்குத் தெரியாததா? நீயே ரொப்பிக்கோ."